தாது வருஷத்தில் பிறந்தவர் யார்? வட ஆர்க்காட்டு மூதாட்டி ஒருவரின் வயதை ஆவணங்களில் தேடுதல்

குடும்பம் சொல்வது இது: கொள்ளுப்பாட்டி தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தார், 1978 ஆவணியில் 102 வயதில் காலமானார். இதற்கு ஆதாரமாக வீட்டில் மூன்று காகிதங்கள் இருக்கின்றன. இறப்புச் சான்று 102 என்கிறது. கருமாதிப் பத்திரிகையும் 102 என்கிறது. 1898ஆம் ஆண்டு அடமானப் பத்திரம் ஒன்றில் கொள்ளுத்தாத்தாவின் மனைவிக்கு ‘வயது சுமார் ௨௰௨’, அதாவது 22 என்று எழுதியிருக்கிறது. 1898இல் 22 என்றால் பிறப்பு 1876. தாது வருஷம் தொடங்கியதும் 1876 சித்திரையில்தான். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் தேடலை முடித்துவிடும்.

ஆனால் அவர் பிறந்தது 1884இல். இறந்தபோது 94 வயது நிறைந்திருந்தது. தாது வருஷத்தில் பிறந்தவர் அவருடைய அக்கா.

இங்கே வரும் மூதாட்டி தனியொருவர் அல்லர். வேலூர், குடியாத்தம் பக்கத்துக் குடும்பங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சிக்கல்களை ஒருவர் மேல் ஏற்றி அமைத்த மாதிரி நிகழ்வு இது. ஆட்களும் அவர்களுடைய பத்திரங்களும் மாதிரிக்காக அமைத்தவை. சட்டம், மாவட்ட எல்லை, பதிவேட்டு முறை, ஆண்டுக் கணக்கு, கிரக நிலை ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வயது எழுதிய காகிதங்கள்

முதலில் செய்ய வேண்டியது, வயது எழுதியிருக்கும் ஒவ்வொரு காகிதத்திலிருந்தும் பிறந்த ஆண்டைக் கழித்து, ஒரே தாளில் வரிசையாக எழுதுவது. இந்த மூதாட்டிக்குக் கிடைத்தவை இவை. 1926 கிரயப் பத்திரம்: ‘சுமார் 40’, பிறப்பு 1886. 1938 பாகப்பிரிவினை: ‘சுமார் 55’, பிறப்பு 1883. 1952 பொதுத்தேர்தல் வாக்காளர் பட்டியல்: 60, பிறப்பு 1892. 1962 பட்டியல்: 75, பிறப்பு 1887. 1971 பட்டியல்: 90, பிறப்பு 1881. 1978 இறப்புப் பதிவு: 102, பிறப்பு 1876.

1952 முதல் 1978 வரை 26 ஆண்டுதான் ஓடியிருக்கிறது. காகிதத்தில் அவருக்கு 42 வயது கூடிவிட்டது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டியவருக்கு வீட்டார் சொல்லும் வயது மரியாதையோடு சேர்ந்தே ஏறும். முதியோர் உதவித்தொகை வந்த பிறகு ஏற்றிச் சொல்ல இன்னொரு காரணமும் கிடைத்தது. வயது 0இலும் 5இலும் முடிவதையும் பாருங்கள். அது கேட்டு எழுதிய வயதே அல்ல, ஆளைப் பார்த்து மதித்த வயது. இறப்புப் பதிவில் இருக்கும் 102, தகவல் கொடுத்த பேரன் வாயிலிருந்து வந்தது. கருமாதிப் பத்திரிகைக்கும் அதே பேரன்தான் அச்சகத்துக்குப் போயிருப்பார். அதனால் இரண்டு காகிதம் இருந்தாலும் சாட்சி ஒருவரே. மூலம் ஒன்றா இரண்டா என்று பார்க்காமல் காகிதங்களை எண்ணிக்கொண்டு போவதுதான் குடும்ப வரலாற்றில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

ஒரு பொது விதியும் உண்டு. ஆளின் நடுவயதில், வேறொரு வேலைக்காக எழுதப்பட்ட பத்திரத்தின் வயது, முதுமையில் எழுதப்பட்டதைவிட நம்பகமானது. 1926, 1938 இரண்டும் 1883–86 என்ற சிறு இடைவெளிக்குள் விழுகின்றன. 1898 பத்திரம் மட்டும் தனித்து 1876இல் நிற்கிறது. அதனால் அதைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

1898 பத்திரத்தைப் படித்தல்

பழைய பத்திரத்தில் எண்கள் தமிழ் எண்களாகவே இருக்கும். ௧, ௪ இரண்டும் வேகக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். பத்தைக் குறிக்கும் ௰ குறியை ‘ய’ என்று படித்துவிட்டு எழுத்துப்பிழை என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. ஐயம் வந்தால் அதே எழுத்தர் அதே பத்திரத்தில் தொகையை எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். தொகை எண்ணாலும் எழுத்தாலும் வரும். அதை வைத்து அவர் கைவாகைக் கண்டுகொள்ளலாம். இங்கே ௨௰௨ என்பது ஐயமில்லாமல் 22தான்.

இரண்டாவது, பெயர். 1898 பத்திரத்தில் மனைவிக்கு ஒரு பெயர், 1926 பத்திரத்தில் வேறு பெயர். ‘கூப்பிடும் பெயர் வேறு, எழுதும் பெயர் வேறு’ என்று குடும்பம் இதற்கு விளக்கம் சொன்னது. அப்படி இருப்பது வழக்கம்தான். வழக்கமாக இருப்பதாலேயே ஓட்டை இருக்கும் இடத்தையும் அது மூடிவிடுகிறது. இரு பத்திரத்திலும் தகப்பன் பெயர் ஒன்று, கணவர் பெயர் ஒன்று, ஊர் ஒன்று. அக்காள் இறந்தபின் தங்கையைக் கட்டிய வீட்டில் இவை எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது, ஒப்பம். 1898இல் ‘இன்னார் தற்குறி’ (எழுதத் தெரியாதவர் இட்ட குறி) என்று எழுத்தர் எழுத, நடுவே ஒரு கீறல். கீறலை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. 1926, 1938 பத்திரங்களில் இடது பெருவிரல் ரேகை இருக்கிறது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ரேகை வளையமாக ஒரே பக்கம் திரும்பி இறங்குகிறது. இடப்பக்கம் தழும்பு போல ஒரு வெட்டு இரண்டிலும் அதே உயரத்தில் இருக்கிறது. ஆக, 1926இல் விற்றவரும் 1938இல் பங்கு பிரித்தவரும் ஒருவரே. 1898இல் கீறியவர் இவர்தானா என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

வயதைக் கேட்காத பதிவுகள்

இங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மூதாட்டியின் வயதை யாரும் கேட்டிராத பதிவுகளிலிருந்து அவர் வயதைக் கறக்க வேண்டும். பெண்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரில் பதிவாகாத காலம் அது. கணவர், தகப்பன், அண்ணன், மகன் வழியாகத்தான் போக வேண்டும்.

சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. கிராமத்தில் பதிவேட்டை வைத்திருந்தவர் முன்சீப், ஊர்ப்பேச்சில் மணியக்காரர். 1980இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது பழைய பதிவேட்டுக் கட்டுகள் கைமாறின. ஆகவே ஒரே அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தனித்தனியே மனு கொடுங்கள். மனுவில் பிள்ளையின் பெயரை எழுதித் தேடச் சொன்னால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர்க் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். கிராமம், தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, இரண்டு மூன்று ஆண்டு வரம்பு: இந்த நான்கையும் கொடுத்துத்தான் தேட வேண்டும்.

வரம்பைக் கண்டுபிடிக்கக் குடும்பத்தின் பேச்சே உதவியது. மூத்த மகன் ‘வாணியம்பாடியில வெள்ளம் வந்த வருஷம்’ பிறந்தவர் என்று எல்லாரும் சொன்னார்கள். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியின் ஒரு பகுதியை அழித்தது, ஆண்டு சோபகிருது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பிறந்த தேதி 1904 ஜூலை 1. அது வாத்தியார் போட்ட தேதி. ஜூன், ஜூலை முதல் தேதிகளைப் பார்த்தாலே ஐயப்பட வேண்டும். 1903, 1904 இரண்டாண்டுப் பிறப்புக் கட்டில் தகப்பன் பெயரோடு 1903 டிசம்பரில் ஓர் ஆண் குழந்தை கிடைத்தது.

அதே தகப்பன் பெயரை வைத்துக்கொண்டு, பின்னோக்கி இறப்புக் கட்டையும் புரட்டியதில்தான் முடிச்சு அவிழ்ந்தது. 1901 ஜனவரி: பெண், வயது 25, இன்னார் பெண்சாதி, காய்ச்சல். அதற்கு இரண்டு வரி மேலே, அதே வாரத்தில், அதே தகப்பனுக்குப் பிறந்து மூன்று நாளில் இறந்த ஒரு பெண் குழந்தை. 1898இல் 22 வயதில் கீறியவர் 1901இல் 25 வயதில் போய்விட்டார். கணக்கு நேராக நிற்கிறது. பிறப்பைத் தேடுபவர்கள் இறப்புக் கட்டைத் திறப்பதே இல்லை. நீண்ட ஆயுளைச் சோதிக்க விரும்புகிறவர் முதலில் திறக்க வேண்டியது, அவர் உயிரோடிருந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுகளின் இறப்புக் கட்டைத்தான்.

இதைத் தெரிந்துகொண்டு போய்க் கேட்டபோதுதான் வீட்டிலிருந்த இன்னொரு செய்தி பொருள் பெற்றது. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படையல் போடுவார்கள். பூவும் பொட்டுமாகப் போன ஒரு பெண்ணுக்குப் புடவை வைத்துக் கும்பிடுவது வட ஆர்க்காட்டில் பரவலான வழக்கம். யாருக்கு என்று கேட்டால் ‘முன்னோர்ல ஒருத்தங்க’ என்பதோடு நின்றுவிடும். ‘ஆயா, உங்க வீட்டுக்காரர் அந்தப் பூவாடைக்காரியை என்ன முறை சொல்லிக் கும்பிடுவாரு?’ என்று மூத்த மருமகளைக் கேட்க வேண்டும். ‘பெரியம்மான்னுதான்’ என்று பதில் வந்தது. மகன்கள் பெரியம்மா என்று கும்பிட்டால் அவர் தாயின் அக்காள், அல்லது தகப்பனின் மூத்த மனைவி, அல்லது பெரியப்பாவின் மனைவி. இங்கே முதல் இரண்டும் ஒருவரே.

வயதும் தேதியும் மறந்துபோகும். அண்ணனா தம்பியா, பெரியம்மாவா சின்னம்மாவா என்பது மூன்று தலைமுறைக்கும் மறக்காது. நேர்காணலில் ‘எத்தனை வயசு’ என்று கேட்பதைவிட ‘என்ன முறை வெச்சுக் கூப்பிடுவாங்க’ என்று கேளுங்கள்.

தாய்வீட்டுப் பக்கம்

மூதாட்டியின் தாய்வீடு, இன்று ஆந்திரத்தில் இருக்கும் பலமநேர் பக்கம். பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதியிலிருந்து மலையேறினால் அந்தச் சீமை. கொண்டு கொடுப்பது இயல்பு. ஆனால் தேடுகிறவர் எல்லையில் வழுக்கிவிழுவார். பலமநேர் வட்டம் 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது, அதுவரை மாவட்டத் தலைநகரும் சித்தூர்தான். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது பலமநேர் அதனுடன் போயிற்று. அதே ஆண்டு சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென்னார்க்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வட ஆர்க்காட்டுக்கு வந்தன. 1989இல் வட ஆர்க்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. எந்தப் பதிவைத் தேடுகிறோமோ அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த வட்டம், எந்த மாவட்டம், எந்தச் சார்பதிவகம் என்று ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொண்டபிறகே மனு எழுத வேண்டும். இன்றைய மாவட்டப் பெயரை எழுதி அனுப்பும் மனு பாதி வழியில் திரும்பிவிடும்.

பலமநேரில் தேட வேண்டியது மஞ்சக்காணிப் பத்திரம். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று தகப்பன் எழுதிவைக்கும் நிலம். அந்தப் பக்கத்தில் பசுப்பு குங்குமம் என்பார்கள். சார்பதிவகத்தில் முதல் புத்தகம் அசையாச் சொத்துக்கு. அதற்கு இரண்டு அட்டவணை உண்டு: ஆள் பெயரால் ஒன்று, சொத்தால் ஒன்று. பெண்ணின் பெயர் எப்படி எழுதப்பட்டது என்று தெரியாத நிலையில் எழுதிக்கொடுத்த தகப்பன் பெயரால் தேடுவதே பயன் தரும். 1902இல் ஒரு தெலுங்குப் பத்திரம் கிடைத்தது. இளைய மகளுக்கு, வயது சுமார் 18, இன்ன ஊர் இன்னாருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்ததை முன்னிட்டு அரை ஏக்கர் நஞ்சை. ‘காலமான என் மூத்த மகளுக்கு முன்பு கொடுத்ததும் இவளையே சேரும்’ என்றும் ஒரு வரி. குடும்பம் ஒரு பெண்ணின் இரண்டு பெயர் என்று நினைத்தது, தகப்பன் கையால் இரண்டு மகளாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வரியைப் படிக்கப் பழைய தெலுங்குப் பத்திரக் கையெழுத்து தெரிந்த எழுத்தர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அச்சுத் தெலுங்கு தெரிந்திருந்தால் மட்டும் போதாது.

1902இல் 18 என்றால் 1884. நல்ல சான்றுதான், ஆனாலும் இதுவும் ‘சுமார்’.

தாய்வீட்டில் இன்னொரு இழை கிடைத்தது: மூதாட்டியின் அண்ணன் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகவே போனார்கள். வட ஆர்க்காடு அதில் முன்னணியில் இருந்த மாவட்டம். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பதிவு எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் வரை உண்டு. ஆளின் பெயரால் தேடினால் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்தே தேட வேண்டும். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் சிதைந்திருக்கும் என்பதால் ஒவ்வோர் ஊருக்கும் ஆறேழு எழுத்துக்கூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பதிவு: 1900, வயது 20. ஆள் பிடிப்பவர்கள் வயதை வேலைக்கேற்றபடி கூட்டிக் குறைப்பார்கள் என்பதால் இதற்கு இரண்டு மூன்று ஆண்டு விலக்கு கொடுக்க வேண்டும். கொடுத்தாலும், 1880ஐ ஒட்டிப் பிறந்தவரை அண்ணன் என்று அழைத்தவர் 1876இல் பிறந்திருக்க முடியாது.

ஜாதகம்

தாய்வீட்டுத் தகரப்பெட்டியில் ஓர் ஓலை நறுக்கு. பெண் ஜனனம், தகப்பன் பெயர், ஆனி மாதம், ராசிக் கட்டம். ஆண்டு எழுதிய முனை செல்லரித்துவிட்டது. இப்படி ஆண்டில்லாத ஜாதகத்தைக் குப்பை என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் மெதுவாக நகரும் மூன்று கிரகங்களே ஆண்டைச் சொல்லிவிடும்.

கட்டத்தில் சனி ரிஷபத்தில், குரு கடகத்தில், ராகு கன்னியில், சூரியன் மிதுனத்தில். சனி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29½ ஆண்டு எடுப்பதால் ரிஷபச் சனி 1855ஐ ஒட்டி, 1884ஐ ஒட்டி, 1914ஐ ஒட்டி வரும். குருவின் சுற்று 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. 1884 ஆனியில் கடகத்தில் இருந்த குரு, சனி ஒரு சுற்று முன்னோ பின்னோ வரும்போது எதிர்ப்பக்கம் போயிருக்கும். ஆக 1884 மட்டுமே பொருந்துகிறது: தாரண வருஷம் ஆனி. தாது வருஷம் முழுக்கச் சனி கும்பத்தில் இருந்தது. அந்த ஆண்டுக்கு இந்தக் கட்டம் எந்த வகையிலும் ஒவ்வாது.

இதில் ஒரு குழி உண்டு. 60 ஆண்டில் சனி இரண்டு சுற்றும் குரு ஐந்து சுற்றும் முடித்துப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். சனி சுமார் 13 பாகை, குரு சுமார் 21 பாகை மட்டும் முன்னே. வருஷப் பெயரும் அதேதான். நம் வீடுகளில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பதும் ஏறக்குறைய 60 ஆண்டு இடைவெளியில்தான் நடக்கிறது. அதனால் பாட்டி ஜாதகம் பேத்தியின் ஜாதகமாகிவிடுவது எளிது. அதைப் பிரித்துக்காட்டுவது ராகு. 18.6 ஆண்டுச் சுற்று என்பதால் 60 ஆண்டில் ராகு ஏறக்குறைய 80 பாகை பின்வாங்கியிருக்கும். 1884 ஆனியில் கன்னியில் இருந்த ராகு, 1944 ஆனியில் கடகத்தில் இருந்தது. 1824க்குப் போனால் தனுசில். சனியையும் குருவையும் பார்த்துவிட்டு ராகுவைப் பார்க்காமல் ஆண்டு சொல்லும் ஆய்வை ஏற்கக் கூடாது.

ஒப்பீட்டுக்கு: சகாப்த ஆண்டு எழுதியிருந்தால் 78 கூட்டுங்கள், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நிலக் கணக்குகளான அடங்கலிலும் சிட்டாவிலும் வரும் பசலி என்ற வருவாய் ஆண்டு ஜூலையில் தொடங்கும்; அதற்கு 590 கூட்டினால், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கணவர் இறந்து பட்டா மூதாட்டி பெயருக்கு மாறியது பசலி 1335, அதாவது 1925 ஜூலைக்கும் 1926 ஜூனுக்கும் இடையில். 1926 கிரயப் பத்திரத்தில் அவர் விதவையாகவும் மைனர்களின் கார்டியனாகவும் வருவதோடு இது ஒத்துப்போகிறது.

இறப்பு

இறந்த தேதியில் சந்தேகம் இல்லை, ஆனால் பதிவு கிடைக்கத் தாமதமாகும். கிராமக் கட்டில் அந்தப் பெயர் இல்லை. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். வேலூர் மருத்துவமனையில் காலமானவர் வேலூர் நகராட்சிப் பதிவேட்டில் இருப்பார், அடக்கம் ஊரில் நடந்திருந்தாலும் சரி. 1978இல் வேலூர் நகராட்சி. மாநகராட்சி ஆனது 2008இல். தேதி உறுதியானதும் வயதைக் கணக்கிடலாம்: 1884 ஆனி முதல் 1978 ஆவணி வரை, 94 ஆண்டும் இரண்டு மாதமும்.

ஒரே வீட்டில் இருவர் ஒருவராகத் தோன்றுவது நம் பக்கத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஆவணங்களால் நிலைநாட்டப்பட்ட மிக நீண்ட மனித ஆயுள் பிரான்ஸின் ஜான் கால்மானுடையது: 1875 முதல் 1997 வரை, 122 ஆண்டு 164 நாள். அவர் விஷயத்திலும், மகள்தான் தாயின் பெயரில் வாழ்ந்தாளோ என்ற ஐயம் 2018இல் கிளம்பி, பழைய பதிவுகளை மறுபடி புரட்டவைத்தது. இளமை, நடுவயது, முதுமை மூன்றிலிருந்தும் தனித்தனி மூலம் உள்ள பதிவு, மூன்றும் ஒரே ஆள் என்பதற்கு இணைப்பு: இந்த இரண்டும் இல்லாத நூறு வயதை ஏற்கவே கூடாது. 94 என்பதும் லேசான ஆயுள் அல்ல. கணவர் போய் அரை நூற்றாண்டு நின்று நிலத்தையும் பிள்ளைகளையும் காத்தவர் அவர்.

வம்சாவளியில் எழுதும் முறை

கொள்ளுத்தாத்தாவின் கட்டத்தின் கீழ் இரண்டு மனைவியர். முதலாமவர்: பிறப்பு சுமார் 1876, இறப்பு 1901 ஜனவரி, ஆதாரம் 1898 பத்திரமும் இறப்புக் கட்டும். அவருடைய மூன்று நாள் பெண் குழந்தைக்கும் தனிக் கட்டம் கொடுங்கள். குடும்ப மரத்தில் இப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாமவர்: பிறப்பு 1884 ஆனி, ஜாதகத்தால், 1902 பத்திரத்தால் ஆதரவு. ‘102’ என்ற பழைய வயதை அழிக்காமல், யார் சொன்னது, எந்தக் காகிதம் என்ற குறிப்போடு பக்கத்தில் வையுங்கள். பின்னால் வருகிறவர் அதே சான்றிதழைக் கண்டெடுத்து மறுபடி குழம்பாமல் இருக்க அது உதவும். இறப்புச் சான்றில் உள்ள வயதைத் திருத்த மனுப் போட வேண்டியதில்லை. வாரிசு விவகாரம் எதுவும் அந்த எண்ணை நம்பி நிற்கவில்லை.

நகல்களை வாங்கும்போது ஆவண எண், ஆண்டு, புத்தகம், தொகுதி, பக்கம் ஐந்தையும் நகலின் பின்னால் பென்சிலில் எழுதிவிடுங்கள். மறுநகல் கேட்க இவை வேண்டும். ஓலை நறுக்கை மடிக்காமல், பக்கவெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுடைய நேட்டால் பதிவு எண்ணையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒப்பந்தக் கூலிகள் அந்த எண்ணாலேயே அடையாளம் காணப்பட்டார்கள். அவர் வழிப் பிள்ளைகளைத் தேடும் வேலை அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.